எஞ்சின் இரவில் எங்கே தங்கும்? ஒரு டீசல் ஷெட்டின் அமைப்பும் வேலையும்

லுணுகலையில் ரயில் பாதை இல்லை. பதுளையிலிருந்து பசறை, லுணுகலை, பிபிலை என்று மட்டக்களப்புப் பக்கம் இறங்கும் ஏ-5 வீதிதான் எங்களுக்கு எல்லாம். கோச்சி பார்க்க வேண்டுமென்றால் பஸ் ஏறிப் பதுளைக்குப் போக வேண்டும். எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்கு முதல் ரயிலைப் பார்ப்பது ஒரு பயணம்தான்.

சில மாதங்களுக்கு முன் அக்காவின் மகனைப் பதுளைக்குக் கூட்டிப்போனேன். சாதாரண தரம் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் பையன். கொழும்பிலிருந்து வந்த ரயில் நின்றதும் சனம் இறங்கிப் போனது. அவன் மட்டும் முன்னால் ஓடினான். எஞ்சினைக் கழற்றுவதையும், அது தனியாகப் பக்கத்துப் பாதையில் ஊர்ந்து போவதையும் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு கேட்டான்: "மாமா, இந்த எஞ்சின் ராவைக்கு எங்க தங்கும்? பழுதானா யாரு பாக்கிறது?"

எனக்குச் சட்டென்று பதில் சொல்லத் தெரியவில்லை. ஊடகக் கற்கை படித்த காலத்திலும் பிறகு வேலை தேடிய காலத்திலும் கொழும்புக்குப் பல தடவை இதே ரயிலில் போயிருக்கிறேன். தெமட்டகொடையைத் தாண்டி மருதானையை நெருங்கும்போது ஜன்னலுக்கு வெளியே வரிசையாக எஞ்சின்கள் நிற்கும். சில புதுப் பெயின்டுடன் நிற்கும், சில கதவு கழற்றியபடி நிற்கும். அது என்ன இடம் என்று ஒரு நாளும் விசாரித்ததில்லை. பையன் கேட்ட பிறகுதான் தேடிப் படித்தேன், தெரிந்தவர்களிடம் கேட்டேன். அதைத்தான் இங்கே ஒழுங்குபடுத்தித் தருகிறேன்.

நீராவியிலிருந்து டீசலுக்கு

இலங்கையின் முதல் ரயில் 1864 இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை ஓடியது. 1867 இல் கண்டிக்கும், 1885 இல் நானுஓயாவுக்கும், 1894 இல் பண்டாரவளைக்கும் போன பாதை, 1924 இல்தான் பதுளையைத் தொட்டது. கோப்பியையும் பிறகு தேயிலையையும் துறைமுகத்துக்கு இறக்குவதற்காகப் போட்ட பாதை இது. மலையை வெட்டியவர்களிலும் மண் சுமந்தவர்களிலும் தமிழகத்திலிருந்து வந்த எங்கள் முன்னோர் ஏராளம்.

அந்தக் காலத்தில் எஞ்சின்கள் தங்கிய இடங்கள் நீராவி ஷெட்கள். நிலக்கரி மேடு, தண்ணீர்த் தொட்டி, சாம்பல் கொட்டும் குழி, எஞ்சினைத் திருப்ப ஒரு திருப்புமேடை ஆகியவைதான் அவற்றின் அடிப்படை. நீராவி எஞ்சினை மூட்டிக் கொதி ஏற்றப் பல மணி நேரமாகும். ஏற்றத்தில் கரியும் தண்ணீரும் கணக்கில்லாமல் போகும். ஆகவே பாதை நெடுகிலும் அடிக்கடி ஷெட் தேவைப்பட்டது. நாவலப்பிட்டியும் நானுஓயாவும் ரயில் ஊர்களாக வளர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம். 1927 இல் வந்த பேயர்-கரட் எனப்படும் இரட்டை எஞ்சின் அமைப்புள்ள நீராவி இயந்திரம், மேலதிக எஞ்சின் இல்லாமலே மலை ஏறுவதற்காக வாங்கப்பட்டது.

டீசல் ரயில் தொடர்கள் நமது நாட்டுக்கு 1938 இலேயே வந்துவிட்டன. இங்கிலாந்திலிருந்து வந்த எஸ்-1 வகை டீசல் ரயில் தொடர்கள் கரையோரப் பாதையில் ஓடின. பெரிய மாற்றம் 1950களில் நடந்தது. கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா வழங்கிய எம்-2 வகை எஞ்சின்கள் 1954 முதல் வந்தன. அவற்றுக்கு ஒன்டாரியோ, அல்பெர்ட்டா என்று கனடிய மாகாணங்களின் பெயர் சூட்டப்பட்டது. 1949 இல் பிரதம இயந்திரப் பொறியியலாளராகவும் 1955 இல் பொது முகாமையாளராகவும் ஆன பி. டி. ரம்பால இந்த மாற்றத்தை முன்னின்று நடத்தினார். அந்தப் பதவிகளில் அமர்ந்த முதல் தலைமுறை இலங்கையர்களில் அவர் ஒருவர்.

டீசல் வந்ததும் ஷெட்டும் மாற வேண்டியிருந்தது. கரித்தூசும் சாம்பலும் பறக்கும் இடத்தில் டீசல் எஞ்சினைத் திறக்க முடியாது. எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் துளை மிக நுணுக்கமானது. மின் மோட்டாருக்குள் தூசி போனால் தீப்பொறி பறக்கும். ஆகவே டீசல் ஷெட் என்பது பழைய ஷெட்டின் தொடர்ச்சியல்ல, வேறொரு வகைத் தொழிற்சாலை.

எஞ்சினுக்குள் என்ன இருக்கிறது?

ஷெட்டின் அமைப்பைப் புரிந்துகொள்ள முதலில் எஞ்சினைப் புரிந்துகொள்ள வேண்டும். லொறியில் உள்ளதுபோல டீசல் இயந்திரம் நேரே சில்லைச் சுற்றுகிறது என்று பலர் நினைக்கிறோம். பெரிய ரயில் எஞ்சின்களில் அப்படி இல்லை. டீசல் இயந்திரம் ஒரு ஜெனரேட்டரைச் சுற்றுகிறது. அதிலிருந்து வரும் மின்சாரம் அச்சுகளோடு பொருத்திய மோட்டார்களுக்குப் போகிறது. மோட்டார்தான் சில்லைச் சுற்றுகிறது. ஆக, ஒவ்வொரு எஞ்சினும் நகர்ந்து திரியும் ஒரு மின் நிலையம்.

இலங்கையில் இந்த டீசல்-மின் எஞ்சின்களுக்கு எம் என்ற எழுத்தை வைத்திருக்கிறார்கள். மின்சாரத்துக்குப் பதில் எண்ணெயின் மூலம் சக்தியைக் கடத்தும் டீசல்-ஹைட்ரோலிக் எஞ்சின்களில் பெரியவை டபிள்யூ, யார்டில் பெட்டி தள்ளும் சிறியவை வை. எஞ்சினும் பெட்டியும் ஒன்றாகவே இருக்கும் ரயில் தொடர்கள் எஸ். உடரட்ட மெனிகே, பொடி மெனிகே சேவைகளுக்கு ஓடிய சீனத் தயாரிப்பான எஸ்-12 இந்தக் கடைசி வகை.

மலைநாட்டுப் பயணிகளுக்கு நன்கு பழக்கமானது எம்-6. 1979-80 காலத்தில் மேற்கு ஜேர்மனியின் ஹென்ஷெல் நிறுவனத்திலிருந்து வந்தது. அதற்குள் இருப்பது அமெரிக்க வடிவமைப்பிலான 12 சிலிண்டர் இயந்திரம், 1,650 குதிரைவலு. எம்-2 இன் இயந்திரமும் அதே குடும்பம், 1,425 குதிரைவலு. இந்த இயந்திரங்களின் பெயரில் வரும் 567, 645 என்ற எண்கள் ஒவ்வொரு சிலிண்டரின் கொள்ளளவைக் கன அங்குலத்தில் சொல்கின்றன. இரண்டு வகையிலும் 6 அச்சுகள் உண்டு, ஆனால் 4 அச்சுகளுக்குத்தான் மோட்டார். நடுவில் உள்ள இரண்டும் எடையைப் பகிர மட்டும். பாதையும் பாலமும் தாங்கும் அளவுக்கு எடையைப் பிரிப்பதற்கான ஏற்பாடு அது.

ஷெட்டுக்குள் ஒரு எஞ்சினின் நடை

ஒரு டீசல் ஷெட்டை ஆஸ்பத்திரியோடு ஒப்பிட்டால் விளங்கும். வெளிநோயாளர் பிரிவு உண்டு, வார்டு உண்டு, சத்திரசிகிச்சைக் கூடம் உண்டு, ஆய்வுகூடமும் உண்டு. இலங்கையில் இந்த வேலைகள் மூன்று இடங்களில் பிரிந்து கிடக்கின்றன. அன்றாடம் எஞ்சினைத் தயார்செய்து, சாரதிகளை ஒதுக்கி அனுப்பும் ஓட்ட ஷெட் தெமட்டகொடையில். டீசல் எஞ்சின்களைத் திறந்து பராமரிக்கும் ஷெட்கள் பக்கத்திலேயே மாளிகாவத்தையில். முழுவதும் பிரித்துப் பூட்டும் பெரிய வேலைக்கு இரத்மலானைத் தொழிற்சாலை. தமிழகத்தில் இதே ஒழுங்கை ஈரோடு ஷெட்டிலும் திருச்சி பொன்மலையிலும் காணலாம். பொன்மலையில் ஷெட்டும் பெரிய தொழிற்சாலையும் ஒரே ஊரில் இருக்கின்றன. இடத்துக்கு இடம் அளவு மாறும், வேலையின் வரிசை பெரிதாக மாறாது.

பயணத்தை முடித்த எஞ்சின் முதலில் வரவுப் பாதையில் நிற்கும். சாரதி ஒரு பதிவுப் புத்தகத்தில் எழுதிவிட்டுத்தான் இறங்குவார். எந்த இடத்தில் சக்தி குறைந்தது, எந்த மோட்டாரில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது, பிரேக் பிடிக்கத் தாமதமா, எங்கே எண்ணெய் ஒழுகுகிறது என்பதெல்லாம் அதில் வர வேண்டும். ஷெட்டின் முழு வேலையும் இந்தப் புத்தகத்திலிருந்துதான் தொடங்குகிறது. ஓடும்போது தெரியும் கோளாறு பல சமயம் நிற்கும்போது தெரியாது. சாரதி எழுதாமல் விட்டால் பிட்டருக்குத் தேடும் வழியே இல்லை.

அடுத்தது எரிபொருள் நிரப்பும் இடம். டீசல் மட்டுமல்ல, மசகெண்ணெய், குளிரூட்டும் தண்ணீர் ஆகியவற்றின் அளவும் இங்கே பார்க்கப்படும். குளிரூட்டும் தண்ணீர் சாதாரணக் குழாய்த் தண்ணீர் அல்ல. துரு பிடிக்காதிருக்க மருந்து கலந்தது. ஒவ்வொரு தடவையும் எவ்வளவு ஊற்றினோம் என்று எழுதி வைப்பார்கள். வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் கேட்கும் எஞ்சினுக்குள் எங்கோ கசிவு இருக்கிறது என்று அர்த்தம்.

அதன் பக்கத்திலேயே மணல். கேட்பவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். இரும்புச் சில்லும் இரும்புத் தண்டவாளமும் உரசும் இடம் ஒரு ரூபாய்க் காசின் அளவுதான். மழையில் நனைந்த பாதையில், இலை நசுங்கி வழுவழுப்பான இடத்தில், ஏறும் எஞ்சினின் சில்லு சுழலுமே தவிர நகராது. அப்போது சாரதி ஒரு விசையை அழுத்தினால், காற்றழுத்தத்தில் மணல் சில்லுக்கு முன்னால் பீச்சி அடிக்கும். இந்த மணல் நன்றாகச் சலித்து உலர்த்தியதாக இருக்க வேண்டும். ஈரமணல் குழாயை அடைத்துவிடும். வருடத்தில் பாதி மழையும் மூட்டமுமாக இருக்கும் ஹப்புத்தளைப் பக்கம் ஓடும் எஞ்சினுக்கு, மணல் பெட்டியை நிரப்ப மறப்பது டீசல் போட மறப்பதற்குச் சமம்.

பிறகு கழுவும் மேடை. அழகுக்காக மட்டும் கழுவுவதில்லை. எண்ணெய் படிந்த எஞ்சினில் புதிய ஒழுக்கு எது, வெடிப்பு எது என்று கண்டுபிடிக்க முடியாது. எண்ணெய்ப் படிவு தீப்பிடிக்கவும் கூடும். கழுவிய தண்ணீர் நேரே கானுக்குப் போகக் கூடாது. எண்ணெயையும் தண்ணீரையும் பிரிக்கும் தொட்டி ஒன்று வழியில் இருக்க வேண்டும். அது சரியாக இயங்காத ஷெட்டைச் சுற்றிய மண்ணும் கிணறும் கெடும்.

குழியும் மேடையும்

கழுவிய எஞ்சின் பரிசோதனைப் பாதைக்குள் நுழைகிறது. டீசல் ஷெட்டின் தனிச்சிறப்பே இங்கேதான். தண்டவாளங்களுக்கு நடுவில் ஆள் நின்று வேலை செய்யும் நீண்ட குழி இருக்கும். வெளிச்சத்துக்குக் குழிச் சுவரிலேயே விளக்குகள் பதித்திருப்பார்கள். பக்கவாட்டில் தரை கொஞ்சம் தாழ்ந்திருக்கும். அதற்கு மேலே, எஞ்சினின் நடைபாதை உயரத்துக்கு ஒரு மேடை இருக்கும்.

ஆக, ஒரே எஞ்சினில் ஒரே நேரத்தில் மூன்று உயரங்களில் வேலை நடக்கும். குழிக்குள் நிற்பவர் மோட்டார், பற்சக்கரப் பெட்டி, பிரேக் தண்டுகளைப் பார்க்கிறார். தரையில் நிற்பவர் சில்லு, ஸ்பிரிங், பெயரிங் பெட்டிகளைப் பார்க்கிறார். மேடையில் நிற்பவர் இயந்திரத்தையும் ஜெனரேட்டரையும் திறக்கிறார். ஒருவரையொருவர் முழுதாகப் பார்க்க முடியாது. அதனால்தான் வேலை நடக்கும் எஞ்சினில் அறிவித்தல் பலகை தொங்கவிடுவதும், யார் சொல்லாமல் யாரும் இயக்கக் கூடாது என்பதும் ஷெட்டின் முதல் சட்டம். பலகையைப் போட்டவரே அதைக் கழற்ற வேண்டும்.

சில்லுகளைச் சிறிய சுத்தியலால் தட்டிப் பார்ப்பது பழைய வழக்கம். நல்ல சில்லு மணிபோல ஒலிக்கும், வெடித்தது மந்தமாக ஒலிக்கும். அச்சின் உள்ளே மறைந்திருக்கும் வெடிப்பைக் காண இப்போது மீயொலிக் கருவி வந்துவிட்டது. ஆனால் தட்டிக் கேட்கும் காதுக்கு இன்னும் மதிப்பு உண்டு.

இதற்கு அப்பால் பாரமான வேலைப் பகுதி. கூரைக்குக் கீழே ஓடும் பெரிய கிரேன் இங்கேதான். ஒரு சிலிண்டர் பழுதானால் முழு இயந்திரத்தையும் இறக்கத் தேவையில்லை. எம்-2, எம்-6 போன்றவற்றில் பிஸ்டன், சிலிண்டர், அதன் தலை மூன்றையும் ஒரு தொகுதியாகத் தூக்கி எடுத்துவிட்டு, முன்கூட்டியே தயாராக வைத்திருக்கும் இன்னொரு தொகுதியை இறக்கலாம். மோட்டார் எரிந்தால், எஞ்சினைத் தூக்காமல் அந்த அச்சை மட்டும் கீழே இறக்க ஒரு இறக்கக் குழி உண்டு. எல்லா அச்சையும் மாற்ற வேண்டுமென்றால் நான்கு மூலையிலும் ஜாக்கி வைத்து, 80 தொன் எடையையும் அப்படியே உயர்த்தி, கீழிருந்து சில்லு வண்டிகளை உருட்டி வெளியே எடுப்பார்கள்.

இவற்றைச் சுற்றிச் சிறிய அறைகள். இன்ஜெக்டர் அறை தூசி புகாமல் மூடியிருக்கும். பற்றரி அறையில் அமில வாசனை. பழைய அமெரிக்க வடிவமைப்பில் 64 வோல்ட் பற்றரியால் ஜெனரேட்டரையே மோட்டாராகச் சுற்றித்தான் இயந்திரம் இயக்கப்படும். பற்றரி பலவீனமானால் அவ்வளவு பெரிய எஞ்சினும் அசையாது. நிற்கும்போதும் எஞ்சினை அணைக்காமல் விட்டிருப்பதை நாம் பார்த்திருப்போம். மறுபடி இயக்குவது நிச்சயமில்லை என்பதும், பிரேக்குக்கான அழுத்தம் குறையக் கூடாது என்பதும் அதற்கான காரணங்களில் சில. அதற்குக் கொடுக்கும் விலை வீணாகும் டீசலும் புகையும்.

எண்ணெய் ஆய்வுகூடம் தனிக் கதை. இயந்திரத்திலிருந்து ஒரு சிறிய போத்தல் மசகெண்ணெய் எடுத்துச் சோதிப்பார்கள். இரத்தப் பரிசோதனை போலத்தான். இரும்புத் துகள் கூடினால் சிலிண்டரோ வளையமோ தேய்கிறது. செம்பும் ஈயமும் தெரிந்தால் பெயரிங் போகப்போகிறது. தண்ணீர் கலந்தால் உள்ளே வெடிப்பு. டீசல் கலந்து எண்ணெய் நீர்த்துப்போனால் இன்ஜெக்டர் ஒழுகுகிறது. பாதை நடுவில் எஞ்சின் நின்றுபோவதற்குப் பல நாட்களுக்கு முன்பே அந்தப் போத்தல் செய்தி சொல்லிவிடும். கேட்க ஆள் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வேலை முடிந்த எஞ்சினை அப்படியே ரயிலில் பூட்டுவதில்லை. மின்தடைக் கருவி ஒன்றோடு இணைத்து, நின்ற இடத்திலேயே முழுச் சக்தியில் ஓட்டிப் பார்ப்பார்கள். பெட்டிகளை இழுக்கும் மின்சாரம் அத்தனையும் அங்கே வெப்பமாக வெளியேறும். 645 வகை இயந்திரம் நிமிடத்துக்கு 900 சுற்றில் முழங்கும்போது பக்கத்தில் நிற்பவரின் நெஞ்சு அதிரும். கணக்கிட்ட சக்தி வந்தால்தான் புறப்பாட்டுப் பாதைக்கு அனுமதி.

இந்தப் பராமரிப்புக்கு ஒரு நாட்காட்டி உண்டு. பயணத்துக்குப் பயணம் பார்ப்பது ஒன்று. மாதம், சில மாதம், வருடம் என்று ஒவ்வொரு கட்டத்திலும் கூடுதலாகத் திறந்து பார்ப்பது இன்னொன்று. பல வருடத்துக்கு ஒருமுறை முழுதாகப் பிரித்துப் பூட்டுவது கடைசி. பழுதான பின் திருத்துவதல்ல, பழுதாகுமுன் மாற்றுவதுதான் இதன் தத்துவம்.

நமது பாதை ஏன் வேறு?

கொழும்பிலிருந்து பதுளை சுமார் 290 கிலோமீற்றர். கடல் மட்டத்திலிருந்து புறப்பட்டு பட்டிப்பொலையில் 1,898 மீற்றர் உயரத்தை எட்டி, அங்கிருந்து பதுளைக்கு மறுபடி ஆயிரம் மீற்றருக்கு மேல் இறங்குகிறது. 5 அடி 6 அங்குல அகலப் பாதைக்கு இவ்வளவு உயரம் மிக அபூர்வம். சரிவு பல இடங்களில் 44 க்கு 1, அதாவது 44 அடி போனால் ஒரு அடி ஏற்றம். வளைவுகளில் சிலவற்றின் ஆரை சுமார் 100 மீற்றர் மட்டுமே. தெமோதரையில் பாதை தன்னைத்தானே சுற்றி, நிலையத்துக்குக் கீழேயே சுரங்கத்தில் போகிறது.

இந்த எண்கள் ஒவ்வொன்றும் ஷெட்டில் ஒரு வேலையாக மாறுகின்றன.

உயரத்தை எடுங்கள். பட்டிப்பொலையில் காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறக்குறைய 80 வீதம்தான். டீசல் எரியக் காற்று வேண்டும். மேலே போகப் போகச் சிலிண்டருக்குள் காற்று குறைகிறது, புகை கறுக்கிறது, சக்தி குறைகிறது. காற்று வடிகட்டி அடைபட்டிருந்தால் இந்தக் குறை இரட்டிப்பாகும். கொழும்பில் கவனிக்காமல் விடக்கூடிய ஒரு அழுக்கு வடிகட்டி, ஓஹியாவுக்குக் கீழே ரயிலை நிறுத்திவிடும்.

வளைவை எடுங்கள். ரயிலின் சில்லு தண்டவாளத்திலிருந்து விலகாமல் பிடித்துக்கொள்வது அதன் உள்விளிம்பு. கூர் வளைவுகளில் அது ஓயாமல் தண்டவாளத்தை உரசித் தேய்கிறது. அளவுக்கு மேல் தேய்ந்த விளிம்பு தண்டவாளத்தின் மேல் ஏறிவிடும், ரயில் தடம்புரளும். ஆகவே ஷெட்டில் அளவுகோல் வைத்து விளிம்பை அளந்து, தேவையானபோது கடைசல் பிடித்துச் சரியான வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். மிக நீளமான, பாரமான எஞ்சின்களை இந்த வளைவுகளில் விட முடியாததால், நாட்டில் எஞ்சின் இருந்தாலும் மலைப் பாதைக்கு ஒத்துவருபவை சிலவே. அந்தச் சிலவற்றில் இரண்டு ஒரே நேரத்தில் ஷெட்டில் கிடந்தால் நேர அட்டவணையே குலைந்துவிடும்.

கடைசியாகச் சரிவு. ஒரு கணக்குப் போடுவோம். எஞ்சினும் பெட்டிகளும் சேர்த்து 300 தொன் என்று வைத்துக்கொண்டால், 44 க்கு 1 சரிவில் அதைக் கீழே இழுக்கும் விசை ஏறக்குறைய 7 தொன். ஏறும்போது எஞ்சின் இதை வெல்ல வேண்டும். இறங்கும்போது பிரேக் இதைப் பல மணி நேரம் விடாமல் தாங்க வேண்டும். டைனமிக் பிரேக் உள்ள டீசல்-மின் எஞ்சினில், இறங்கும்போது மோட்டாரையே ஜெனரேட்டராக மாற்றி வேகத்தைக் கட்டுப்படுத்தலாம். அதில் பிறக்கும் மின்சாரம் வெப்பமாகக் காற்றில் போய்விடும். ஆனால் ரயிலை முற்றாக நிறுத்துவது சில்லில் அழுத்தும் பிரேக் கட்டைதான்.

இலங்கையில் நீண்டகாலம் பழக்கத்திலிருந்தது வெற்றிட பிரேக். எஞ்சினிலுள்ள கருவி ரயில் முழுவதும் ஓடும் குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி எடுக்கும்போது பிரேக் விலகி நிற்கும். குழாய்க்குள் காற்று புகுந்தால் பிரேக் பிடிக்கும். பெட்டி கழன்றாலோ குழாய் அறுந்தாலோ தானாகவே ரயில் நிற்கும். புதிய பெட்டிகளில் காற்றழுத்த பிரேக் இதே பாதுகாப்புக் கொள்கையில் வேறு விதமாக வேலை செய்கிறது. எந்த முறையானாலும் தேய்ந்த கட்டை, கழன்ற ஊசி, ஒழுகும் ரப்பர் குழாய் ஆகியவற்றைக் கண்டுபிடிப்பவர் குழிக்குள் டோர்ச் பிடித்து நிற்கும் ஒரு தொழிலாளிதான். புறப்படுமுன் கடைசிப் பெட்டியிலுள்ள காவலரின் மானியில் சரியான அளவு வந்ததா என்று பார்ப்பது அதற்கு அடுத்த பாதுகாப்பு. பயணிகள் ஒன்பது வளைவுப் பாலத்தைப் படம் எடுக்கும் அதே நேரத்தில் தங்கள் உயிரை ஒப்படைத்திருப்பது அந்த டோர்ச் வெளிச்சத்திடம்.

குழிக்குள் நிற்பவர்கள்

ஷெட் வேலை லேசானதல்ல. 85 டெசிபலுக்கு மேற்பட்ட இரைச்சலில் நாள் முழுக்க வேலை செய்தால் காது பழுதாகும் என்பது பொதுவாக ஏற்ற அளவு. எஞ்சின் முழங்கும் கூடத்தில் அந்த எல்லை சுலபமாகத் தாண்டும். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவர் நிலையம் 2012 இல் வகைப்படுத்தியது. காதுக் கவசம், புகையை வெளியேற்றும் கூரை, கையுறை இவையெல்லாம் ஆடம்பரமல்ல.

இன்னொரு சிக்கல் உதிரிப்பாகம். நமது எஞ்சின்கள் கனடா, ஜேர்மனி, ஜப்பான், பிரான்ஸ், இந்தியா, சீனா என்று பல நாடுகளிலிருந்து கடனாகவும் நன்கொடையாகவும் வந்தவை. ஒன்றின் பாகம் இன்னொன்றுக்குப் பொருந்தாது. ஒவ்வொரு வகைக்கும் தனிக் களஞ்சியம், தனிக் கருவி, தனிப் பயிற்சி. இந்தியாவின் வாரணாசியிலிருந்து வந்த எம்-8, தமிழகத்து ஷெட்கள் பல தசாப்தம் பராமரித்த எஞ்சின்களின் உறவு என்பதால் அதற்குப் பக்கத்திலேயே அனுபவம் இருக்கிறது. ஆனால் இந்தியாவில் அகலப் பாதைகள் பெரும்பாலும் மின்மயமாகிவிட்டன. பல டீசல் ஷெட்கள் மின் எஞ்சின்களைப் பார்க்கத் தொடங்கிவிட்டன. இலங்கையில் ஓடும் ரயில்களோ இன்றும் டீசலைத்தான் நம்பியிருக்கின்றன. உலகம் கைவிடும் இயந்திரத்துக்குப் பாகம் தேடுவது வருடத்துக்கு வருடம் கடினமாகும். 2022 இல் டொலர் இல்லாமல் நாடே எரிபொருளுக்கு வரிசையில் நின்றதை நாம் மறக்கவில்லை. பாகம் வாங்கப் பணம் இல்லாத இடத்தில், நிற்கும் எஞ்சினிலிருந்து கழற்றி ஓடும் எஞ்சினுக்குப் போடுவார்கள். அன்றைக்கு அது புத்திசாலித்தனம். நெடுநாள் வழக்கமானால், நிற்கும் எஞ்சின்களின் வரிசை நீண்டுகொண்டே போகும்.

எனக்கு மனதில் நின்ற விடயம் வேறு. இந்தப் பாதையைப் போட்டவர்களிலும், அதில் போன தேயிலையைக் கொய்தவர்களிலும் எங்கள் சனம் இருந்தது. ஆனால் 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. புகையிரதத் திணைக்களம் அரச திணைக்களம். பிரஜாவுரிமை இல்லாதவருக்கு அங்கே நிரந்தர வேலை கிடையாது. டீசல் எஞ்சின்கள் வந்து, ஷெட்கள் பெருகி, பிட்டர்களும் மின்னியலாளர்களும் பயிற்றப்பட்ட அந்தத் தசாப்தங்கள் முழுக்க, மலையகத்தின் பெரும்பகுதி அந்தக் கதவுக்கு வெளியே நின்றது. 1988 இலும் 2003 இலும் வந்த சட்டங்களுக்குப் பிறகுதான் நாடற்ற நிலை முடிவுக்கு வந்தது. அப்பாவிடமிருந்து மகன் கேட்டுத் தெரிந்துகொள்ளும் தொழில் இது. எங்கள் லயங்களில் அப்படிச் சொல்லித்தர ஒரு தலைமுறை இல்லாமல் போனது.

இப்போது சட்டத்தில் தடை இல்லை. ஆனால் தகவல் இல்லை. தோட்டத்துப் பாடசாலைகளில் தொழில் வழிகாட்டல் என்றால் ஆசிரியர், கிராம சேவகர், இல்லையென்றால் கொழும்பில் கடை வேலை. இரத்மலானையில் ரயில்வேக்கென்றே இலங்கை-ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிலையம் இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழோடு இயந்திரப் பிட்டர், மின்னியலாளர், உருக்கி ஒட்டுநர் ஆகலாம் என்று எத்தனை பெற்றோருக்கு யாராவது சொல்லியிருக்கிறார்கள்? அரச வேலைக்கான அறிவித்தல்கள் வர்த்தமானியில் தமிழிலும் வருகின்றன. அதைத் தேடிப் பார்க்கும் பழக்கம்தான் நம்மிடம் வர வேண்டும்.

பதுளையில் அன்றைக்குப் பையனுக்கு நான் சொல்ல முடியாததை இப்போது சொல்லிவிட்டேன். எஞ்சின் இரவில் தூங்குவதில்லை. அதைச் சுற்றி, கீழே, மேலே ஆட்கள் வேலை செய்துகொண்டிருப்பார்கள். விடியற்காலை மலை ஏறத் தயாராக வேண்டுமே. அவன் கேட்டுவிட்டு, எண்ணெய்ப் போத்தலைச் சோதிப்பதற்கு என்ன பாடம் படிக்க வேண்டும் என்று கேட்டான். இரசாயனவியல் என்றேன். தோட்டத்துப் பாடசாலையில் உயர்தரத்துக்கு விஞ்ஞானப் பிரிவு இல்லை என்றான். பசறையிலோ பதுளையிலோ பார்க்க வேண்டும்.

அந்த விசாரிப்பைத்தான் இப்போது செய்துகொண்டிருக்கிறோம்.